ஆணிக்கு யாரும் குறுக்கே வீசுவதில்லை

சவுக்குத்தோப்பு மண்ணைத் தோண்ட ஆரம்பித்ததிலிருந்து லமாய்க்குச் சோறு இறங்கவில்லை. எலும்பைக் கண்டு அருவருத்து அல்ல. எலும்பு என்ன பாவம் செய்தது? மண்ணுக்குள் கிடந்து சதை போய், நாற்றம் போய், கழுவிய மரவள்ளிக் கிழங்கு மாதிரி சுத்தமாகத்தான் வெளியே வந்தது. உயிரோடு நடமாடுகிறவர்களைப் பார்த்துத்தான் அவளுக்குக் குமட்டியது.

அங்கே ஒருவன் மண்டையோட்டை மடியில் வைத்துக்கொண்டு அதன் நெற்றியில் முகப்பவுடரைத் தேய் தேய் என்று தேய்த்துக்கொண்டிருந்தான். தேய்த்தால் லாட்டரி நம்பர் தெரியுமாம். "மூணா எட்டா, சரியாப் பாத்துச் சொல்லுங்க தாயி" என்று ஓட்டிடமே கெஞ்சினான். பாங்காக்கிலிருந்து பஸ் பிடித்து வந்த பெண்கள் கையில் தொடை எலும்பும் மறுகையில் போனுமாக நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தியிடம் வெளிச்சம் சரியில்லை என்று எலும்பை வெயிலுக்குத் தூக்கிப் பிடிக்கச் சொன்னாள் இன்னொருத்தி. எல்லோருக்கும் வெள்ளை உடுப்பு, எல்லோருக்கும் மரக்கறிச் சாப்பாடு, எல்லோருக்கும் புண்ணியம். சீ!

அந்த ஊரில் நாதியற்றுச் சாகிறவர்களை அறநிலையத்தார் இலவசப் பெட்டியில் வைத்து இந்தக் கடலோர மணலில் புதைப்பார்கள். பல வருஷத்துக்கு ஒருமுறை, கோயிலில் கட்டை போட்டுக் குறி பார்த்துச் சாமி உத்தரவு கொடுத்தால், எல்லாக் குழிகளையும் திறந்து, எலும்பைக் கழுவி, தலைக்குத் தங்கத்தாள் ஒட்டி, ஆண்களை ஒரு கோபுரமாகவும் பெண்களை ஒரு கோபுரமாகவும் அடுக்கி எரிப்பார்கள். உத்தரவு வராத வருஷத்தில் ஒரு பிடி மண்ணைக்கூடத் தொடக்கூடாது.

லமாயின் அம்மா நுவான் அந்த மண்ணுக்குள்தான் இருந்தாள். லமாய் மலேசியாவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த காலத்தில், கணவாய்க் கருவாடு விற்கப் போன நுவான் பஸ் நிலையத்து பெஞ்சில் உட்கார்ந்தபடியே செத்துப்போனாள். பையில் அடையாள அட்டை இல்லை. லமாய் விஷயம் தெரிந்து வந்து சேர்ந்தபோது குழிமேல் நட்டிருந்த நம்பர்க் கட்டை வெள்ளத்தோடு போயிருந்தது. "வர்ற வருஷம் வரட்டும் தங்கச்சி, உத்தரவு இல்லாம நாங்க கைவைக்க முடியாது" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அவளும் வருஷத்துக்கு வருஷம் காத்திருந்தாள். இப்போதுதான் அந்த வருஷம் வந்தது.

அம்மாவைக் கண்டுபிடிக்க அவளிடம் ஒரே ஒரு அடையாளம் இருந்தது. மேல்வரிசை முன்பல். தங்கக் கவசம் போட்டு, நடுவே வெற்றிலை வடிவில் ஜன்னல் வெட்டியது. அதன் வழியே சொந்தப் பல் வெள்ளையாகத் தெரியும். அந்தக் காலத்துப் பெண்கள் இதயம் வைத்துக்கொண்டார்கள், நட்சத்திரம் வைத்துக்கொண்டார்கள். நுவான் வெற்றிலைதான் வேண்டுமென்று சொல்லிச் செய்துகொண்டாள். கேட்டால், "வாயில எப்பவும் வெத்தில இருக்கட்டுமே, வாங்கற செலவு மிச்சம்" என்று அந்தப் பல் தெரியச் சிரிப்பாள். அவளைத் தனியே ஒரு துணியில் கட்டி, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, தன் கையால் தீ வைக்க வேண்டும். லமாய்க்கு வேறொன்றும் வேண்டியதில்லை.

அவள் புருஷன் பிரசோங்கை அறநிலையத்தார் கூப்பிட்டது, மண்ணுக்குள் கிடக்கிற உலோகத்தைக் கண்டுபிடிக்கிற அவனுடைய மெஷினுக்காக. சோங்க்லா கடற்கரையில் விடுமுறைக் கூட்டம் கலைந்த மறுநாள் புருஷனும் பெண்டாட்டியுமாக இறங்குவார்கள். அவன் மெஷினின் நுனித் தட்டை மணலுக்கு மேலே வீசிக்கொண்டே போவான். அவள் பின்னால் சல்லடைக் கரண்டியோடு தோண்டிக்கொண்டே வருவாள். குளிக்க வந்தவர்கள் தொலைத்த மோதிரம், காதுத் தோடு, சில்லறை. இத்தனை வருஷமாக அவர்கள் அடுப்பு அதில்தான் எரிந்தது.

மெஷினில் இரண்டு திருகுகள். ஒன்று அதன் காதைக் கூட்டவும் குறைக்கவும். மற்றதற்கு அவர்கள் வீட்டில் வேண்டாத்திருகு என்று பெயர். அதைத் திருகத் திருக மெஷின் ஒவ்வொன்றாகக் காதில் வாங்காமல் விடும். முதலில் ஆணி போகும், அப்புறம் சிகரெட் பெட்டியின் மினுக்குத்தாள், அப்புறம் டின் வளையம். புதிதாக மெஷின் வாங்கினவன் இரண்டு நாள் குப்பை தோண்டிச் சலித்துப்போய் அந்தத் திருகை முக்கால்வாசி திருகி வைத்துவிடுவான். நிம்மதியாக இருக்கும், சாயங்காலம்வரை ஒரு சத்தம் வராது. சிகரெட் தாளும் மெல்லிசான தங்கமும் ஒரே குரலில்தான் முனகும் என்று அந்த மடையனுக்கு யார் சொல்வது? தாளை வேண்டாமென்று தள்ளினவன் தங்கத்தையும் சேர்த்தே தள்ளினான்.

ஆணி கர்ரென்று உறுமும். நாணயம் டிங்கென்று கணீரிடும். ஆழத்தில் கிடக்கிற சின்னத் தங்கத்துக்குக் குரலே கிடையாது. தூங்குகிற பிள்ளைக்கு மூச்சு மாறுவது போல ஒன்று வரும், தாய்க்குத்தான் கேட்கும். அது கேட்டால் பிரசோங் நிற்பான். குட்டையாக இரண்டு மூன்று வீச்சு வீசுவான். அப்புறம் காலை மாற்றிக் குறுக்கே நின்று மறுபடி வீசுவான். குறுக்கேயும் அதே இடத்தில் முனகினால் தோண்டலாம். ஒரு பக்கம் முனகி மறுபக்கம் உடைந்தால் துருப்பிடித்த குப்பை, நடையைக் கட்டலாம். இதெல்லாம் லமாய்க்கும் தெரியும். மெஷின் எப்போதும் ஸ்பீக்கரில்தான் ஓடும், அவள் காதும் அவன் காதும் சேர்ந்துதான் கேட்கும்.

சவுக்குத்தோப்பில் வேலை இரண்டு மாதிரி. முதலில் வேண்டாத்திருகை அடியோடு திறந்துவிட்டு, பெட்டி ஆணிகளின் உறுமலைத் தேடிப் போக வேண்டும். ஆணிகள் வரிசையாக உறுமினால் கீழே பெட்டி, பெட்டிக்குள் ஆள். கொடி நட்டுவிட்டால் தோண்டுகிறவர்கள் வந்து எலும்பை எடுத்துக்கொள்வார்கள். எடுத்தபின் திருகை ஆணிக்கு மேலே ஏற்றிவைத்துக்கொண்டு காலிக் குழியை மறுபடி அலச வேண்டும். செத்தவர்களின் முன்பல் ஒற்றை வேர்ப் பல், தானாகக் கழன்று மண்ணில் விழுந்துவிடும். ஒரு பல் குறைந்தாலும் அந்த ஆத்மா அடுத்த பிறவியில் ஊனமாகப் பிறக்கும் என்பது அங்கே நம்பிக்கை. தங்கப்பல் கிடைத்தால் எலும்பு கழுவும் கொட்டகையில் ஹுவா அக்காவிடம் கொடுக்க வேண்டும். அவள் அதைத் தாளில் மடித்து அந்தத் தாடையோடு கட்டுவாள். பிரசோங் சிலதைக் கொண்டுபோய்க் கொடுக்கவும் செய்தான். "ரொம்ப நேர்மையான மனுசன்" என்று ஹுவா அக்கா நாலு பேர் கேட்கச் சொன்னாள். லமாய்க்கு அன்று பெருமையாகத்தான் இருந்தது.

அன்று காலையிலிருந்தே புழுக்கம். சவுக்கு ஊசிகள் வியர்வையில் காலெல்லாம் ஒட்டிக்கொண்டன. கோயில்காரர்கள் ஒலிபெருக்கியில் கொட்டும் ஜாலராவுமாக ஏதோ போட்டுவிட்டிருந்தார்கள். கடல் பக்கத்துப் பெண்கள் வரிசையில் ஒரு குழியைத் திறந்து, எலும்பை மூங்கில் தட்டில் எடுத்தனுப்பிவிட்டு, தோண்டுகிற போங் கரையில் உட்கார்ந்து பையில் ஊற்றிய ஐஸ் காப்பியை உறிஞ்சிக்கொண்டிருந்தான். தொந்தியும் தொப்பையுமாக இருந்தாலும் மண்வெட்டி பிடித்தால் அவனுக்கு ஈடில்லை.

"மெஷின்கார அண்ணே, இறங்கு. உன் மாமியாரா இருக்கப்போவுது, மரியாதையா இறங்கு" என்றான் போங்.

"உன் வாயில மண்ண அள்ளிப் போட" என்று சிரித்துக்கொண்டே லமாய் அவன்மேல் ஒரு கை மணலை வீசினாள். "எங்கம்மாவா இருந்தா நீ இப்படிக் காலாட்டிக்கிட்டு உக்காந்திருப்பியா? எந்திரிச்சு ஓடிருப்ப. கருவாடு கடன் கேட்டாலே துடப்பத்தத் தூக்குவா."

பிரசோங் சிரிக்கவில்லை. ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு குழிக்குள் இறங்கினான். மூன்று நாளாகவே ஹெட்போன்தான்.

"ஏங்க, அத எதுக்கு மாட்டிக்கறீங்க? எனக்கு ஒண்ணும் கேக்க மாட்டேங்குது."

"அங்க அவன் கொட்டுக் கொட்டுன்னு கொட்டறான். இதுல ஸ்பீக்கர்ல எனக்கு என்னத்தக் கேக்கும்? நீ சல்லடையப் பாரு."

அதுவும் நியாயந்தான் என்று அவள் கரையில் குந்தினாள். அவன் குழியின் தலைமாட்டிலிருந்து வீசிக்கொண்டு வந்தான். நின்றான். குட்டையாக வீசினான். காலை மாற்றிக் குறுக்கே நின்று மறுபடி வீசினான். அம்மாவோ என்று லமாய் கையை ஊன்றி எழுந்தாள். அவன் முதுகைக் காட்டிக் குனிந்து மண்ணைக் கிளறினான், எதையோ எடுத்தான், கையை மூடினான், மறுகையால் ஒரு துருப்பிடித்த ஆணியைக் கரைக்கு எறிந்தான்.

"ஆணி" என்றான்.

"ஆணிதானா?"

"ஆணிதான். வேற ஒண்ணுமில்ல. போங், மூடிரு."

போங் காப்பிப் பையை வீசிவிட்டு மண்ணைத் தள்ள ஆரம்பித்தான். லமாய் அந்த ஆணியைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு நின்றாள். திருகு ஆணிக்கு மேலே இருந்தால் ஆணி உறுமாது. திருகு திறந்திருந்தால் குழி பூராவும் ஆணி உறுமும். எப்படிப் பார்த்தாலும் ஒரு ஆணிக்கு எவனாவது கால் மாற்றிக் குறுக்கே வீசுவானா? கடற்கரையில் இத்தனை வருஷம் பின்னால் நடந்திருக்கிறாள், ஒருநாள் அவன் வீசியதில்லை. எதையாவது மறைக்கிறானோ? அப்படி நினைத்ததற்காகத் தன்னையே ஒருமுறை திட்டிக்கொண்டாள். ஆணியை மட்டும் கீழே போடவில்லை.

மத்தியானச் சாப்பாடு தகரக் கொட்டகையில். உப்பிட்ட கடுகுக்கீரை, பொரித்த சோயா ஏடு, சேமியா. சாப்பாட்டுப் பந்திக்குப் பக்கத்திலேயே கழுவிய தாடைகள் வெயிலில் காய்ந்தன. ஈக்கள் இங்கும் அங்குமாக மாறி மாறி உட்கார்ந்தன. லாட்டரிக்காரன் பவுடர் அப்பிய கையைக்கூடக் கழுவாமல் சேமியாவைச் சுருட்டி வாயில் போட்டுக்கொண்டிருந்தான். லமாய் தட்டைத் தள்ளிவைத்தாள். பிரசோங் ஒரு தூணோரம் குந்தி, பிளாஸ்டிக் கிண்ணத்தை முகத்தருகே வைத்துக்கொண்டு மூங்கில் குச்சியால் வாரி வாரித் தின்றான். மெஷின் அவன் தொடையோரம் சாய்ந்து கிடந்தது.

"மெஷின் தட்டெல்லாம் சேறு. துடைச்சு வைக்கறேன்" என்று அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"ம்" என்றான் வாய் நிறைய.

மெஷின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. திருகு ஆணிக்கு ஒரு மயிரிழை மேலே நின்றது, தாளுக்குக் கீழே. காது கூட்டுகிற திருகு முழுசாக ஏற்றியிருந்தது. தோளில் கிடந்த துண்டால் தட்டைத் துடைத்துக்கொண்டே ஹெட்போனை எடுத்துத் தலையில் மாட்டினாள். வெளிக்கொட்டு அடங்கியது. தட்டு அவன் இடுப்புப் பக்கம் இருந்தது. ஒன்றுமில்லை, வெறும் இரைச்சல். அவன் கிண்ணத்தை நோக்கிக் குனிந்தான்.

முனகியது.

நிமிர்ந்து மென்றான். அடங்கியது. மறுபடி குனிந்து உறிஞ்சினான். மறுபடி அதே முனகல், மெல்லிசாக, உடையாமல். அவள் தட்டைத் திருப்பிக் குறுக்காக வைத்துப் பார்த்தாள். குறுக்கேயும் முனகியது.

இந்தத் தொழிலில் ஒரு சுத்தம் உண்டு. மெஷின் பிடிக்கிறவன் உடம்பில் குண்டூசிகூட இருக்கக்கூடாது. மோதிரம் கிடையாது, சில்லறை கிடையாது, பெல்ட் கிடையாது. பிரசோங் கட்டம்போட்ட துண்டைத்தான் இடுப்பில் சுற்றி மடித்துச் செருகுவான். அந்த மடிக்குள்ளிருந்துதான் சத்தம் வந்தது. புருஷன் சேமியா தின்பதை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒவ்வொரு வாய்க்கும் அவன் இடுப்பு ஒருமுறை முனகியது.

"மடிய அவுருங்க" என்றாள்.

"என்னது?"

"மடிய அவுருங்கன்னேன்."

"பந்தியில உக்காந்துக்கிட்டு என்னடி பேச்சு இது?" என்று சிரிக்கப் பார்த்தான். அப்புறம்தான் அவள் தலையில் மாட்டியிருந்ததைக் கண்டான். குச்சி பாதியில் நின்றது. "அதா? அது சிகரெட் தாளு. காலையில பாக்கெட் தீர்ந்துச்சு, கண்ட இடத்துல போடவேண்டாம்னு செருகி வச்சேன். இந்தா பாரு." அவசரமாக மடியைப் பிரித்து உருட்டிய மினுக்குத்தாள் ஒன்றை உள்ளங்கையில் காட்டினான். "தாளுதான். நீயும் இத்தனை வருசமா கேக்கற, தாளுச் சத்தம் தெரியாதா?"

"தெரியும். பிரிச்சுக் காட்டுங்க."

"லமாய்..."

"பிரிங்க!"

அவன் பிரிக்கவில்லை. அவளே பிடுங்கிப் பிரித்தாள். உள்ளே காலைக் குழியில் எடுத்த தங்கப்பல் ஒன்று, மண்ணோடு. அதை ஒட்டி, துடைத்துப் பளபளவென்று இன்னொன்று. வேரோடு கழன்ற பல். தங்கக் கவசம். நடுவே வெற்றிலை.

கொட்டகையில் யாரோ சிரித்தார்கள். யாரோ இன்னும் கொஞ்சம் கீரை கேட்டார்கள். லமாய் பல்லை விரலால் தொட்டாள். அம்மா சிரிக்கும்போது அந்த வெற்றிலைக்கு மேலே உதடு ஏறுவது ஞாபகம் வந்தது.

"எப்ப?" என்றாள்.

"முந்தாநேத்து. நீ சமையல் கொட்டகையில மூங்கில் குருத்து உரிச்சுக்கிட்டிருந்தீல்ல, அப்ப."

"முந்தாநேத்து கெடச்சிச்சு. முந்தாநேத்து ராத்திரி என் பக்கத்துல படுத்த. நேத்துக் காலையில 'கவலப்படாத, இன்னைக்குக் கெடச்சிருவாங்க'ன்னு சொன்ன. சொன்னியா இல்லையா?"

நீங்க போய் நீ வந்ததை அவன் கவனித்தான். கிண்ணத்தைக் கீழே வைத்தான்.

"சொல்லத்தான் நெனச்சேன். அத்தையோடதுன்னு பாத்ததுமே தெரிஞ்சுது. ஆனா அதுக்கு முன்னாடியே அந்த வரிசையில மூணு நாலு எடுத்து வச்சிட்டேன். இத மட்டும் குடுத்தா, மத்த குழியில ஏன் ஒண்ணும் வரலன்னு கேப்பாங்க. யோசிச்சேன். யோசிக்கறதுக்குள்ள எலும்பத் தூக்கிட்டுப் போயிட்டாங்க."

"யோசிச்சியா? எங்கம்மா எலும்பு மூங்கில் தட்டுல போவுது, நீ கரையில நின்னு யோசிச்சியா?"

"மெதுவாப் பேசு. கேளு. நான் ஒரு வழி வச்சிருந்தேன்." அவன் குரலைத் தாழ்த்தி, அவளுக்கு ஏதோ நல்ல செய்தி சொல்லப்போகிறவன் மாதிரி நெருங்கி வந்தான். "அதுக்குத்தான் அத விக்காம தனியா மடியில வச்சிருக்கேன். வித்துருந்தா வித்துருக்கலாம்ல? சாயங்காலம் ஏதாச்சும் ஒரு பொம்பள குழி திறப்பாங்க. அதுல இத நைசா வச்சுட்டு, உன்னையக் கூப்பிட்டு ஸ்பீக்கர்ல கேக்க வச்சு எடுத்துருப்பேன். நீயே தோண்டி எடுத்த மாதிரி இருக்கும். அந்த எலும்ப நீ ஆசப்பட்ட மாதிரி தனியாக் கட்டி, பேர் சொல்லி, தீ வச்சிருக்கலாம். உனக்கும் நிம்மதி. யாருக்கு என்ன நஷ்டம்?"

லமாய் அவன் முகத்தையே பார்த்தாள். அவன் பொய் சொல்லவில்லை. நிஜமாகவே அப்படித்தான் செய்திருப்பான். அவளும் நம்பியிருப்பாள். யாரோ ஒருத்தியின் மண்டையோட்டைக் கட்டிப்பிடித்து அம்மா அம்மா என்று கதறியிருப்பாள். இவன் பக்கத்தில் நின்று தோளைத் தட்டிக்கொடுத்திருப்பான். அன்றைக்கு அவளுக்குச் சோறுகூட இறங்கியிருக்கும். அதை நினைத்ததும் அடக்க முடியாமல் தூணைப் பிடித்துக்கொண்டு வாந்தியெடுத்தாள். வயிற்றில் ஒன்றுமில்லை, வெறும் பித்தநீர்தான் வந்தது.

"செத்தவங்களுக்குத் தங்கம் எதுக்கு லமாய்? எரிச்சா உருகி மண்ணோட போவுது. எரியற வீட்டுல புடுங்கினது லாபம்னு..."

"வாய மூடு. மத்ததெல்லாம் எங்க?"

"வீட்டுல. மருந்து டப்பாவுல."

"போய் எடுத்துட்டு வா. ஒண்ணு கொறஞ்சாலும் இந்த மண்ணுல உன்னையும் புதைச்சு ஆணி அடிப்பேன். போ!"

அவன் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனான். அவள் பல்லைக் கையில் மூடிக்கொண்டு எலும்பு கழுவும் கொட்டகைக்கு ஓடினாள். ஹுவா அக்கா முழங்கைவரை ஈரத்தோடு, கழுத்தெலும்புகளை எண்ணெய் டின் அளவு கூடைகளில் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் முதலில் பக்கத்திலிருந்தவர்களைத் தூரப் போகச் சொன்னாள்.

"முந்தாநேத்து எடுத்ததெல்லாம் கழுவியாச்சு தங்கச்சி" என்றாள் மெதுவாக. "கழுவினதும் பிரிச்சிருவோம், தெரியும்ல. காலு காலோட, கை கையோட, தலை தலையோட. இனிமே யாரு யாரோடதுன்னு அந்தச் சாமியே எறங்கி வந்தாலும் சொல்ல முடியாது."

"தலை இருக்கும்ல அக்கா? பல்லு இருக்கு. வச்சுப் பாக்கறேன்."

பெண்கள் தலைகள் கொட்டகையின் கடைசியில் பாயின்மேல் குவிந்திருந்தன. தங்கத்தாள் ஒட்டியவை சில, ஒட்டாதவை பல. லமாய் மண்டியிட்டு முதலில் கைக்கு வந்ததை எடுத்தாள். மேல்வரிசை முன்பல் இல்லை, குழி காலியாக இருந்தது. பல்லை வைத்தாள். உட்கார்ந்தது. அம்மா என்று கூப்பிட வாய் திறந்தாள். ஒரு சந்தேகத்துக்கு இரண்டாவதை எடுத்து வைத்துப் பார்த்தாள். அதிலும் உட்கார்ந்தது. மூன்றாவதில் கொஞ்சம் ஆடியது, ஆனால் உட்கார்ந்தது. வெற்றிலைப் பல்லோடு ஒவ்வொருத்தியும் அவளைப் பார்த்துச் சிரித்தாள். எல்லாருக்கும் முன்பல் விழுந்திருந்தது. எல்லாருக்கும் அந்தப் பல் பொருந்தியது.

ஹுவா அக்கா பக்கத்தில் குந்தினாள். "ஒண்ணு சொன்னா கோச்சுக்காத. கோபுரம் எரியறவரைக்கும் இது வெளிய தெரிய வேண்டாம். எங்கெங்கிருந்தோ சனம் வந்திருக்கு. தெரிஞ்சா எல்லாரும் எங்களத்தான் காறித் துப்புவாங்க. நல்ல காரியம் கெட்டுரும். அவரக் கூப்பிட்டு நாங்க தனியா விசாரிக்கறோம்."

"உங்களுக்கும் அந்தத் திருகு இருக்காக்கா?" என்றாள் லமாய். "வேண்டாததக் கேக்காம விடறதுக்கு?"

ஹுவா அக்கா எழுந்து தன் கூடைகளிடம் போனாள்.

பிரசோங் மருந்து டப்பாவோடு வந்து நின்றபோது லமாய் அழுது முடித்திருந்தாள். டப்பாவை வாங்கிப் பாயில் கவிழ்த்தாள். பல்லெல்லாம் சோளமுத்துபோல் உருண்டன. அம்மாவின் பல்லையும் காலைக் குழிப் பல்லையும் அவற்றோடு வைத்தாள்.

"எது எங்கம்மா?" என்றாள், தலைக் குவியலைக் காட்டி.

"எனக்கு எப்படித் தெரியும்?"

"அதான். உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. இதுல ஒருத்தி உன் மாமியா. உக்காரு. ஒவ்வொருத்தியையும் எடுத்து அத்தைன்னு கூப்பிட்டு, மறுபடி கழுவி, நான் தப்புப் பண்ணிட்டேன்னு சொல்லி வை. ஒண்ணு விடாம."

"இத்தனை பேரையுமா?"

"இத்தனை பேரு வாய்க்குள்ளயும் கையை விடத் தயாராத்தான இருந்த?"

அவன் உட்கார்ந்தான். தண்ணீர் வாளியை இழுத்தான். முதல் தலையை எடுத்தான். "அத்தை" என்றான், கிணற்றுக்குள் பேசுகிறவன் மாதிரி. "சத்தமா" என்றாள் லமாய். "அத்தை, நான் தப்புப் பண்ணிட்டேன்" என்றான். இரண்டாவதை எடுத்தான். மூன்றாவதுக்குள் அவன் குரல் உடைந்துவிட்டது, கண்ணில் தண்ணீர் இறங்கியது. நடிப்பா நிஜமா என்று லமாய் பார்க்கவில்லை, பார்க்கவும் விரும்பவில்லை.

சத்தம் கேட்டு ஆட்கள் கூடினார்கள். வெள்ளை உடுப்புக்காரர்கள் போனைத் தூக்கினார்கள். "பாத்தியா, யாரு பெத்த பொம்பளைங்களையோ அத்தை அத்தைன்னு கூப்பிட்டு அழுவறாரு. இந்தக் காலத்துல இப்படி ஒரு மனுசன்!" என்றாள் பாங்காக்காரி ஒருத்தி. அவளும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். லாட்டரிக்காரன் குனிந்து பிரசோங்கின் பாதத்துக்குப் பக்கத்தில் ஒரு மலர்ச்சரத்தை வைத்தான். இன்னொருத்தி லமாயின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்க வீட்டுக்காரரா அக்கா? குடுத்து வச்சவங்க நீங்க."

லமாய் கையை உருவிக்கொண்டாள். தூரத்தில் ஹுவா அக்கா வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டுவது தெரிந்தது.

"ஆமா, எங்க வீட்டுக்காரருதான்" என்றாள் லமாய், ஒலிபெருக்கிக் கொட்டுக்கு மேலே கேட்கும்படி. "இந்தப் பொம்பளைங்களோட பல்லப் பொறுக்கித் திருடுனவரு. அதோ பாயில கெடக்குது பாருங்க. எங்கம்மாவோட பல்லும் அதுல இருக்கு. வீடியோ எடுக்கறவங்க மொகம் நல்லாத் தெரியற மாதிரி எடுங்க."

போன்கள் தாழவில்லை. இன்னும் கொஞ்சம் கிட்டே வந்தன. யாரோ மலர்ச்சரத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். பிரசோங் தலை நிமிரவில்லை. அடுத்த தலையை வாளியில் முக்கி, "அத்தை" என்றான்.

லமாய் இன்னொரு வாளியைத் தூக்கிக்கொண்டு குவியலைச் சுற்றி மறுபக்கம் போனாள். அவனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். அந்தப் பக்கத்துக் கடைசித் தலையை எடுத்து மடியில் வைத்து, கண்குழிக்குள் ஒட்டியிருந்த சவுக்கு ஊசியை விரலால் எடுத்துவிட்டு, "அம்மா" என்றாள். கழுவித் துடைத்து வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தாள்.